சோறும் சூப்பும் சில்லறைத் தொல்லைகளும்

(ஒரகடத்தில் இளம் பொறியாளர்கள் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)

ஞாயிற்றுக்கிழமை மாலையை எனக்காக விட்டுக்கொடுத்து வந்திருக்கும் நண்பர்களே, இன்னும் சில மாதங்களில் ஜப்பானுக்குப் பயிற்சிக்குப் போகக் காத்திருக்கும் தம்பி தங்கைகளே, அவர்களை விமானம் ஏற்றிவிட்டு இங்கிருந்து தினமும் "சாப்பிட்டியா?" என்று கேட்கப்போகிற தாய்மார்களே,

இன்று நான் பேச எடுத்துக்கொண்டது சாப்பாடு. வேலையாக வெளிநாட்டுக்குப் போகிறவன் அன்றாடம் சாப்பிடுகிற சாப்பாடு. அதோடு ஒட்டிக்கொண்டு வருகிற சில்லறைத் தொல்லைகள். தலைப்பைச் சொன்னதும் இந்தக் கூட்டத்தை ஏற்பாடு செய்த தம்பி கொஞ்சம் தயங்கினார். "ஐயா, தரக் கட்டுப்பாடு, ரோபோ, இந்த மாதிரி ஏதாவது பேசினால்... சாப்பாடு சின்ன விஷயம்தானே?" என்றார்.

சின்ன விஷயம்தான். மறுக்கவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். அங்கே போனதும் இயந்திரத்தை ஓட்டுவது எப்படி என்று உங்களுக்குக் கையேடு கையேடாகத் தருவார்கள். கேன்டீனில் எந்த வரிசையில் நிற்பது என்று எந்தக் கையேட்டில் இருக்கிறது? பாதுகாப்புத் தொப்பியின் வாரை எப்படி இழுத்துப் போடுவது என்று வகுப்பே எடுப்பார்கள். கிண்ணத்தில் இருக்கிற அந்தச் சூப்பு எதில் கொதித்தது என்று எந்த வகுப்பில் சொல்வார்கள்? சின்ன விஷயம் என்று அவர்கள் சொல்வதில்லை. சின்ன விஷயம் என்று நாமும் கேட்பதில்லை. இந்த இரண்டு மௌனத்துக்கும் நடுவில் கிடந்து காய்கிறது வயிறு.

சுற்றுலாப் போகிறவன் கதை வேறு. பிடிக்கவில்லை என்றால் அடுத்த கடைக்குப் போவான். அதுவும் பிடிக்கவில்லை என்றால் அடுத்த ஊருக்குப் போவான். மூன்று வேளை ரொட்டியும் வாழைப்பழமும் தின்று சமாளித்தாலும் ஊருக்குத் திரும்பி அதைச் சிரிப்புக் கதையாகச் சொல்லிக்கொள்வான். வேலைக்குப் போகிறவனுக்கு அந்த வசதி இல்லை. நாளைக் காலை எட்டு மணிக்கு அவன் லைனில் நிற்க வேண்டும். நின்று, பார்த்து, எழுதிக்கொண்டு, மூளையைக் கொடுத்து வேலை செய்ய வேண்டும். வயிறு ஒத்துழைக்காத ஒருவனுடைய கையில் மைக்ரோமீட்டரைக் கொடுத்துப் பாருங்கள், தெரியும்.

ஜப்பானுக்குப் போவதற்கு முன்னால், நமக்கெல்லாம் முன்னால் கடல் கடந்து போன ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். 1914 மார்ச் மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து 'நெவாசா' என்ற கப்பலில் அவர் புறப்பட்டார். அந்தத் துறைமுகத்திலேயே குமாஸ்தாவாக இருந்தவர். குடுமியை எடுத்துவிட்டு, கழுத்தில் காலரும் காலில் ஷூவுமாக, கணிதம் செய்யப் போனார். சீனிவாச ராமானுஜன்.

கேம்பிரிட்ஜில் டிரினிட்டி கல்லூரி. அதே ஊரில் அப்போது மஹலனோபிஸ் என்ற வங்காள இளைஞர் கிங்ஸ் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார். பின்னாளில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவியவர் அவர்தான். ஒரு குளிர்நாளில் ராமானுஜனைப் பார்க்கப் போகிறார். ராமானுஜன் கணப்பை ஒட்டி உட்கார்ந்திருக்கிறார். ராத்திரி தூங்கும்போது குளிரவில்லையா என்று வந்தவர் கேட்கிறார். குளிர்கிறது, ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு, சால்வையையும் சுற்றிக்கொண்டுதான் படுக்கிறேன் என்கிறார் இவர். கம்பளி கொடுக்கவில்லையோ என்று மஹலனோபிஸ் படுக்கையறைக்குள் போய்ப் பார்க்கிறார். கம்பளிகள் இருக்கின்றன. ஒன்றுக்கு மேல் ஒன்றாக விரித்து, ஓரங்களை மெத்தைக்கு அடியில் இறுக்கிச் செருகி, மேலே விரிப்புப் போட்டு மூடி, அத்தனை நேர்த்தியாக இருக்கின்றன! அந்தக் கம்பளிகளை நெம்பி, அவற்றுக்கு உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. கட்டிலின் மேற்புறத்தில் நடுங்கிக்கொண்டு படுத்திருக்கிறார்.

எண்களின் அடியாழம்வரை இறங்கிப் பார்த்த மனிதர். முதுகுக்கு ஓர் அங்குலம் கீழே கம்பளி இருந்தது தெரியவில்லை. அது அவர் குற்றமா? பாயை விரித்து, போர்வையை உதறி, மேலே இழுத்துப் போர்த்திக்கொண்டு வளர்ந்தவருக்குக் கட்டிலுக்குள் நுழைந்து படுக்கிற வழக்கம் எப்படித் தெரியும்? கல்லூரி உதவித்தொகை தந்தது. அவரை அங்கே வரவழைத்த கணிதப் பேராசிரியர் ஹார்டி தன் நேரத்தைத் தந்தார். கம்பளி எங்கே என்று சொல்ல வங்காளத்துப் பையன் ஒருவன் வர வேண்டியிருந்தது.

சாப்பாடு அதைவிடப் பெரிய பாடு. சைவம். கல்லூரிக் கூடத்தில் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடாமல் அறையிலேயே தனக்குத் தானே சமைத்துக்கொண்டார். அவர் போன அதே வருடம் ஆகஸ்டில் உலகப் போர் மூண்டது. காய்கறி கிடைப்பதும் அரிதாயிற்று. ஒருமுறை நண்பர்களை அழைத்துத் தன் கையால் சமைத்துப் பரிமாறியிருக்கிறார். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று ஊற்றிக்கொண்டே வந்தவர், போதும் என்று விருந்தாளிகள் மறுத்ததும் எழுந்து போய்விட்டார். சில நாள் கழித்துத்தான் திரும்பி வந்தாராம். சாப்பாடு சின்ன விஷயமாக இருந்தால் அதற்கு இத்தனை ரோஷம் எதற்கு?

இனி ஜப்பான். உங்களில் பெரும்பாலானவர்கள் போகப்போவது அங்கே என்பதாலும், நான் வேலை பார்க்கப் போய்வந்தது பெரும்பாலும் அங்கே என்பதாலும் அதையே பேசுகிறேன்.

முதல் தொல்லை கடிகாரம். ஜப்பான் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓட்டலில் காலை ஏழு மணிக்குச் சிற்றுண்டி. உங்கள் வயிற்றுக்கு அப்போது விடியற்காலை மூன்றரை. தொழிற்சாலையில் பன்னிரண்டு மணிக்குச் சாப்பாட்டு மணி. உங்கள் வயிற்றுக்கு எட்டரை, இட்லி நேரம். இரவு ஏழு மணிக்குச் சாப்பாடு. வயிறோ டீயும் வடையும் கேட்டுக்கொண்டிருக்கும். எல்லோரும் விளக்கை அணைத்துவிட்டுத் தூங்கப்போன பிறகு, பதினோரு மணிக்குத்தான் உங்களுக்கு உண்மையான பசி எடுக்கும். அந்தப் பதினோரு மணிப் பசிக்கு ஒரு வழி வைத்துக்கொண்டு போங்கள். பெட்டியில் நாலு முறுக்கு இருக்கட்டும். நான் ரொம்பத் தீவிரமாகத்தான் சொல்கிறேன், சிரிக்காதீர்கள்.

அங்கே சாப்பாட்டு மணி என்றால் மணிதான். ஆறு மணி நேரத்துக்கு மேல் வேலை என்றால் குறைந்தது நாற்பத்தைந்து நிமிடம், எட்டு மணி நேரத்தைத் தாண்டினால் ஒரு மணி நேரம் இடைவேளை கொடுக்க வேண்டும் என்பது சட்டம். அந்த நேரத்துக்குள் ஆயிரம் பேர் தட்டு எடுத்து, வரிசையில் நின்று, சாப்பிட்டு, கிண்ணத்தை வகை பிரித்து வைத்துவிட்டு, மேசையில் தலை சாய்த்துக் குட்டித் தூக்கமும் போட்டு எழுந்துவிடுவார்கள். பேச்சு குறைவு. வேகம் அதிகம். முதல் நாள் அந்த வரிசையில் நின்று "இது என்ன, அது என்ன" என்று விசாரித்தால் பின்னால் நிற்கிறவர்கள் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஒன்றும் சொல்லாமல் நிற்பார்கள். அது இன்னும் கஷ்டம்.

ஆனால் ஒரு பெரிய வசதி உண்டு. கேன்டீன் வாசலிலும் கடை வாசலிலும் கண்ணாடிப் பெட்டிக்குள் அன்றைய சாப்பாடு அப்படியே இருக்கும்: சோறு, வறுத்த மீன், ஊறுகாய், நூடுல்ஸ், அதன்மேல் பாதி முட்டை. எல்லாம் பொம்மை. ஒரு காலத்தில் மெழுகில் செய்தார்கள், இப்போது பிளாஸ்டிக்கில் செய்கிறார்கள். டோக்கியோவில் கப்பாபாஷி என்ற தெருவுக்குப் போனால் இந்தப் பொம்மைச் சாப்பாட்டை விலைக்கே வாங்கலாம். மொழி தெரியாதவனுக்கு இதைவிட நல்ல அகராதி கிடையாது. விரலைக் காட்டினால் போதும். சில கடைகளில் வாசலில் ஒரு பெட்டி இருக்கும்; காசைப் போட்டு, படத்தை அழுத்தி, டோக்கன் எடுத்துக்கொண்டு உள்ளே போக வேண்டும். நம் ஊரில் பில் போட்டு டோக்கன் வாங்கிக் காபி குடிக்கிறவர்களுக்கு இது பழகின வித்தைதான்.

சரி, பொம்மை பார்த்து வாங்கியாயிற்று. காய்கறி டெம்புரா, சோறு, சூப்பு. சைவம்தானே?

நண்பர்களே, இங்கேதான் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

ஜப்பானியச் சமையலுக்கு அடிப்படை ஒரு சாறு. தாஷி என்பார்கள். கொம்பு என்ற காய்ந்த கடற்பாசியையும், புகை போட்டு, காயவைத்து, மரக்கட்டைபோல் இறுகிப்போன ஒருவகைச் சூரை மீனை இழைப்புளியால் சீவின மாதிரிச் சீவியும் வெந்நீரில் போட்டு எடுக்கிற சாறு. நிறமே இருக்காது. மீன் வாடையும் பெரிதாகத் தெரியாது. மிசோ சூப்பில் அதுதான். நூடுல்ஸ் குழம்பில் அதுதான். டெம்புராவைத் தொட்டுக்கொள்ளும் கிண்ணத்தில் அதுதான். கீரையை வேகவைத்து மேலே ஊற்றினால் அதிலும் அதுதான். "மாமிசம் இல்லையே?" என்று கேட்டால், "இல்லை" என்று மனதாரச் சொல்வார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. ரசத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று நம்மை யாராவது கேட்டால் எப்படி இருக்கும்? அப்படி, அந்தச் சாறு அவர்கள் கணக்கிலேயே வராது.

இந்தச் சாற்றுக்குள் ஓர் அறிவியல் வரலாறே இருக்கிறது. 1908-ஆம் ஆண்டு, டோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழகத்து வேதியியல் பேராசிரியர் கிக்குனாயே இக்கேதா, இந்தக் கடற்பாசிச் சாற்றில் வருகிற ருசி இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு என்ற நான்கிலும் அடங்கவில்லையே என்று ஆராய்ந்தார். அதற்குக் காரணமான குளூட்டாமேட் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார். மறு ஆண்டே அது வெள்ளைப் பொடியாகக் கடைக்கு வந்துவிட்டது. என்ன பொடி தெரியுமா? அஜினோமோட்டோ! நம் ஊர்த் தள்ளுவண்டியில் ஃபிரைடு ரைஸ் மேல் தூவுகிறார்களே, அதேதான். 1913-இல் அவருடைய மாணவர் கொடாமா அந்த மீன் சீவலில் இருக்கும் இன்னொரு ருசிப் பொருளைக் கண்டுபிடித்தார். பாசி ஒன்று, மீன் ஒன்று, இரண்டும் சேர்ந்தால் ருசி பன்மடங்கு. அதனால்தான் அந்த ஊர்ச் சமையல்காரரிடம் போய் "மீனை மட்டும் எடுத்துவிடுங்கள்" என்று சொன்னால் அவர் முகம் வாடுகிறது. நம் வீட்டில் போய்ப் புளியில்லாமல் ரசம் வை என்று சொல்லிப் பாருங்கள்.

நான் மீன் சாப்பிடுகிறவன். எனக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் என்னோடு வந்த ஒருவர் சுத்த சைவம். ஒரு மாலை, குளிர்ந்த தோஃபு மட்டும் கொண்டுவரச் சொன்னார். சோயாக் கட்டிதானே, அதில் என்ன வந்துவிடப் போகிறது? வந்தது. மேலே பொன்னிறமாக ஏதோ மரச்சீவல் மாதிரித் தூவியிருந்தது. அவர் அதைத் தொடவே இல்லை. அன்று வெறும் சோறும் உப்பில் போட்ட உமே பழமும் சாப்பிட்டு எழுந்தார். மறுநாள் நான் எங்கள் பயிற்சியாளரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் ஒரு சின்ன அட்டையை எடுத்து, ஜப்பானிய எழுத்தில் அழகாக எழுதித் தந்தார்: மாமிசம் வேண்டாம், மீன் வேண்டாம், மீன் சாறும் வேண்டாம், மீன் சீவலும் வேண்டாம். அந்த அட்டையை நண்பர் அடையாள அட்டைக்குப் பின்னால் செருகிக்கொண்டார். அதற்குப் பிறகு எந்தக் கடையிலும் அவருக்குப் பேச வேண்டிய அவசியமே வரவில்லை. டெம்புராவுக்கு உப்பு வந்தது. வெள்ளரிக்காய் வைத்துச் சுருட்டின சுஷி வந்தது. வேகவைத்த பச்சைச் சோயாக் காய் வந்தது. ஒரு கடையில் சமையல்காரரே வெளியே வந்து, புத்த மடங்களில் பாசியும் காளானும் மட்டும் போட்டுச் சாறு வைப்பார்கள், எனக்கும் தெரியும், நாளைக்கு வாருங்கள் என்று சைகையிலும் அரைகுறை ஆங்கிலத்திலும் சொன்னார். மறுநாள் போனோம். வைத்திருந்தார்.

கேட்டோம், கிடைத்தது. இவ்வளவுதான் விஷயம். ஒரு சின்ன அட்டை. ஆனால் முதல் வாரம் முழுக்க அந்த மனிதர் பட்டினி கிடந்தார். ஏன்? சின்ன விஷயத்துக்குப் போய் பெரிய மனிதரைத் தொந்தரவு செய்வதா என்ற கூச்சம்!

கூச்சமே படக்கூடாத இடம் ஒன்று சொல்கிறேன். ஜப்பானில் ஐம்பதாயிரத்துக்கு மேல் சின்னக் கடைகள் இருக்கின்றன, பெரும்பாலும் இருபத்து நான்கு மணி நேரமும் திறந்திருக்கும். செவன் இலெவன் நிறுவனம் அந்த நாட்டில் தன் முதல் கடையை 1974-இல் டோக்கியோவில் தொயோசு என்ற இடத்தில் திறந்தது. பதினோரு மணிப் பசி என்றேனே, அதற்கு முறுக்கு தீர்ந்த பிறகு இந்தக் கடைதான். முக்கோணச் சோற்று உருண்டை இருக்கும். உறையில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டிருக்கும். அந்த வரிசையில் பிரித்தால் கடற்பாசித் தாள் நமுத்துப்போகாமல் மொறுமொறுவென்று சோற்றில் வந்து ஒட்டிக்கொள்ளும். பொறியாளர்களே, அந்த உறையை ஒருமுறை நிதானமாகப் பிரித்துப் பாருங்கள். நல்ல டிசைன் என்றால் என்ன என்று எனக்கு அது சொல்லித் தந்தது அதிகம். ஆனால் சைவக்காரர்கள் கவனிக்க வேண்டும். முட்டை, பால், கோதுமை, வேர்க்கடலை, இறால், நண்டு போன்ற ஒவ்வாமைப் பொருள்களைத்தான் உறையில் கட்டாயமாகத் தனித்துக் காட்டுவார்கள். மீன் அந்தக் கட்டாயப் பட்டியலில் இல்லை. சேர்மானப் பட்டியலின் பொடி எழுத்துக்குமேல் போன் கேமராவைப் பிடியுங்கள். இந்தக் காலத்துப் போன் மொழிபெயர்த்துச் சொல்லிவிடும்.

மீன் சாப்பிடுகிற எனக்குத் தொல்லையே இல்லையா? இருந்தது. நாலாவது ஐந்தாவது நாள் நாக்கு புளி கேட்டது. காரம் கேட்டது. எல்லாவற்றையும்விட, தயிர் கேட்டது. தயிர் கிடைத்துவிட்டால் தமிழனுக்குப் பாதி நாடு கிடைத்த மாதிரி. ஜப்பானில் கிடைக்கிறது. சர்க்கரை போடாத வெறும் தயிர், நானூறு கிராம் டப்பாவில். அதற்கும் ஒரு கதை உண்டு. 1970-இல் ஒசாகாவில் உலகக் கண்காட்சி நடந்தது. பல்கேரிய நாட்டு அரங்கில் புளிப்புத் தயிர் கொடுத்தார்கள். அதுவரை இனிப்புத் தயிர் மட்டுமே தெரிந்த ஊரில் மெய்ஜி நிறுவனம் அதைப் பார்த்து, மறு ஆண்டே வெறும் தயிர் போட்டது. பிறகு பல்கேரியாவின் பெயரையே அதற்கு வைத்தது. பல்கேரியாக்காரன் கொண்டுவந்ததை ஜப்பான்காரன் டப்பாவில் அடைத்து, கடைசியில் கும்பகோணத்துக்காரன் பிசைந்து சாப்பிடுகிறான்! அந்த ஊர் அரிசி குட்டை அரிசி, ஒட்டும். சாம்பாருக்கு ஒத்துவராது. தயிர் சாதத்துக்குப் பிரமாதம். இதை எந்தப் பயண நூலும் எழுதவில்லை, நான் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்.

தயிர் சாதம் என்றதும் பெட்டியில் குக்கரைக் கட்டி வைக்கிற அம்மாக்கள் இங்கே இருப்பீர்கள். தயவுசெய்து வைக்காதீர்கள். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். ஜப்பானில் 100 வோல்ட். சூடேற்றும் சாதனத்தின் திறன் வோல்டேஜின் இருமடியைப் பொறுத்தது என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். அந்த வாய்ப்பாட்டின் பொருள் எனக்கு முழுதாக விளங்கியது ஓட்டல் அறையில்தான். இங்கே 700 வாட் குக்கர் அங்கே 130 வாட் சொச்சம்தான் இழுக்கும், ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. அரிசி வேகாது, ஊறும். அங்கேயே ஒரு குக்கர் வாங்கிக்கொள்ளுங்கள். அறையில் மின்தூண்டல் அடுப்பு இருந்தால், அடி தட்டையாகக் காந்தம் ஒட்டுகிற பாத்திரம் வேண்டும். அலுமினிய வாணலியை அது கண்டுகொள்ளாது. கடுகு தாளிக்கிற ஆசை இருந்தால் முதலில் கூரையில் புகை எச்சரிக்கைக் கருவி எங்கே இருக்கிறது என்று அண்ணாந்து பாருங்கள். பருப்புப் பொடி கொண்டுபோகலாம். பச்சைக் கறிவேப்பிலையும் பழமும் வேண்டாம், அதற்குத் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள். கறித் தொக்கு வேண்டவே வேண்டாம், மாமிசப் பண்டத்தைச் சுங்கத்தில் பறித்துக்கொள்வார்கள்.

மின்சாரம் என்று வந்ததால் இன்னொன்று. ஒரே நாடு, ஆனால் டோக்கியோ பக்கம் 50 ஹெர்ட்ஸ், ஒசாகா நகோயா பக்கம் 60 ஹெர்ட்ஸ். 1890-களில் டோக்கியோ ஜெர்மனியிலிருந்து ஜெனரேட்டர் வாங்கியது, ஒசாகா அமெரிக்காவிலிருந்து வாங்கியது. அன்று ஆரம்பித்த கோடு இன்றுவரை அழியவில்லை. 2011 மார்ச் நிலநடுக்கத்தின்போது கிழக்கே மின்சாரம் இல்லாமல் தவித்தார்கள். மேற்கே இருந்ததை வேண்டிய அளவு மாற்றி அனுப்ப முடியவில்லை. அவ்வளவு ஒழுங்கான நாட்டிலும் யாரோ எப்போதோ வாங்கின ஒரு இயந்திரம் இப்படி உட்கார்ந்துகொண்டு இருக்கிறது. எனக்கென்னவோ இதைக் கேட்டதும் அந்த நாட்டின்மேல் பிரியம் கூடியது.

மற்றதையெல்லாம் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். தெருவில் குப்பைத் தொட்டி இருக்காது. 1995 மார்ச்சில் டோக்கியோ சுரங்க ரயிலில் ஒரு கும்பல் சாரின் விஷவாயுவைப் பரப்பியது. அதற்குப் பிறகு பொது இடத்துத் தொட்டிகளைப் பெருமளவு எடுத்துவிட்டார்கள். வாழைப்பழத் தோலைப் பையில் போட்டுக்கொண்டு ஊரெல்லாம் நடக்க வேண்டும், அதற்கென்று ஒரு உறை வைத்திருங்கள். கை கழுவினால் துடைக்கப் பல இடங்களில் காகிதம் இருக்காது, எல்லோரும் கைக்குட்டை வைத்திருப்பார்கள். சில்லறை கனக்கும், ரயில் அட்டை ஒன்று வாங்கிப் பணம் போட்டு வைத்தால் கடையிலும் அதைத் தட்டிவிட்டு வரலாம். கழிப்பறையைப் பற்றிக் கவலையே வேண்டாம்! ஐரோப்பாவுக்குப் போனவர்கள் காகிதத்தோடு படுகிற பாடு எனக்குத் தெரியும். ஜப்பானில் பொத்தானை அழுத்தினால் தண்ணீர், அதுவும் வெந்நீர். டோட்டோ நிறுவனம் தன் மாதிரியை 1980-இல் கொண்டுவந்தது. தமிழனை மனதில் வைத்துச் செய்தார்களோ என்று தோன்றும்.

சாயங்காலம் ஒருநாள் உங்களை வெளியே சாப்பிடக் கூப்பிடுவார்கள். போங்கள். காலுறையில் ஓட்டை இல்லாமல் போங்கள், ஏனென்றால் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாய் விரித்த அறைக்குள் உட்கார வேண்டியிருக்கும். குடிக்காதவர் என்றால் சங்கடமே வேண்டாம். ஊலாங் டீ என்று சொன்னால் கேள்வி கேட்காமல் கொண்டுவருவார்கள். அவர்கள் மேலதிகாரிக்கு ஊற்றும்போது நீங்களும் எழுந்து ஊற்றுங்கள். நீங்கள் கேட்காமலே ஒரு சின்னக் கிண்ணத்தில் ஏதோ வரும், அதற்கும் பில்லில் காசு உண்டு. டிப்ஸ் வைக்காதீர்கள், மறந்துவிட்டீர்கள் என்று ஓடிவந்து கொடுப்பார்கள். பகலெல்லாம் எந்திரம் மாதிரி வாய் திறக்காமல் நின்றவர் அன்றைக்குத்தான் உங்களிடம் வீட்டைப் பற்றிப் பேசுவார். 1998-இல் அங்கே ஓடின 'முத்து' படத்தை நினைவு வைத்திருக்கிற மூத்தவர் யாராவது ஒருவர் ரஜினியைப் பற்றிக் கேட்பார். அப்போது துண்டைச் சுழற்றிக் காட்ட வேண்டியது உங்கள் பொறுப்பு.

இதையெல்லாம் சமாளித்துவிடலாம். அட்டை, போன், கைக்குட்டை, முறுக்கு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வழி இருக்கிறது. வழியில்லாத ஒன்றும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்.

ஆறு நாள் ஷிஃப்ட்டில் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்துக் காயப்போட்ட பிறகு மணி பன்னிரண்டு ஆகும். வீட்டில் இருந்தால் கறி கொதிக்கிற வாசனை வரும். அங்கே ஜன்னலுக்கு வெளியே தெரு அத்தனை சுத்தமாக, அத்தனை அமைதியாக இருக்கும். தனியாகப் போய்த் தனியாகச் சாப்பிட வேண்டும். அம்மா போனில் "யாரோட சாப்பிட்ட?" என்று கேட்டால் பதில் சொல்ல வராது. இதற்கு நான் ஒரு வழி சொல்லப் போவதில்லை. ஒரு தகவல் மட்டும் சொல்கிறேன். ஜப்பானில் 'கொதோக்கு நோ குருமே' என்று ஒரு சித்திரக்கதை 1990-களில் வந்தது. குசுமி எழுத, தனிகுச்சி வரைந்தது. 2012-இலிருந்து அது தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது. கதை என்ன? ஒரு வியாபாரி. வேலையாக ஊர் ஊராகப் போகிறார். பசிக்கிறது. ஏதோ ஒரு சின்னக் கடைக்குள் நுழைகிறார். தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறார். அவ்வளவுதான் கதை! சண்டை இல்லை, காதல் இல்லை. வேலைக்கு நடுவே ஒரு மனிதன் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவதை ஒரு நாடே வருடக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தது. அங்கே கடைகளில் ஒற்றை ஆளுக்கென்றே நீள மேடைபோட்டு வரிசையாக நாற்காலி இருக்கும். அதில் ஒன்றில் நீங்கள் போய் உட்கார்ந்தால் உங்களை யாரும் பரிதாபமாகப் பார்க்க மாட்டார்கள். பக்கத்து நாற்காலிக்காரரும் தனி ஆள்தான். அவரும் துணி காயப்போட்டுவிட்டு வந்திருப்பார்.

கடைசியாக, இங்கே இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் ஜப்பானியப் பொறியாளர்கள் இருக்கிறார்கள், இல்லையா? அவர்களுக்கு யார் சொல்கிறார்கள்?

கணக்கைத் திருப்பிப் போடுங்கள். நாம் இரவு ஒன்பது மணிக்கு மரியாதையாக விருந்து வைக்கிறோம். வந்து இறங்கிய வாரத்தில் அவருக்கு அது நள்ளிரவு பன்னிரண்டரை. தூக்கம் கண்ணைச் சொருகச் சொருகச் சிரித்துக்கொண்டு பிரியாணி சாப்பிடுகிறார். நம் 700 வாட் குக்கர் அங்கே குளிர்ந்துபோனது. அவர் ஆசையாகக் கொண்டுவந்த 100 வோல்ட் குக்கரை இங்கே 230-இல் செருகினால் ஐந்து மடங்குக்கு மேல் இழுத்துப் புகைந்துவிடும். "காரம் கம்மிதான் சார்" என்று நாம் மனதாரச் சொல்கிறோம். அவர்கள் மீன் சாற்றைச் சொல்லாத மாதிரி, குழம்பில் இருக்கிற மிளகாயை நாம் காரக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அவர் கேட்க மாட்டார். நம்மைவிடக் கூச்சக்காரர்கள் அவர்கள். நாளைக்குத் திங்கட்கிழமை. கேன்டீனில் உங்கள் பக்கத்து மேசையில் யாராவது வெறும் சோற்றைக் கிளறிக்கொண்டிருந்தால் எழுந்து போய், எதில் மிளகாய் இல்லை என்று விரலை நீட்டிக் காட்டுங்கள். ஒரு அட்டையில் "காரம் வேண்டாம், மிளகாயே போடாதீர்கள்" என்று தமிழில் எழுதிக் கொடுங்கள்.

எனக்குத் தெரிந்த ஜப்பானியர் ஒருவர் இப்போது தயிர் சாதத்தில் தன் ஊர் மீன் சீவலைத் தூவிக்கொண்டு தினமும் சாப்பிடுகிறார். ஊறுகாய் மட்டும் வேண்டாம் என்கிறார். உப்பு அதிகமாம். உமே பழத்தை வாயில் போட்டுக்கொள்கிற ஊர்க்காரர் சொல்கிறார்! இந்த வழக்கில் தீர்ப்பை உங்களிடமே விட்டுவிடுகிறேன். அமைப்பாளர் தம்பி டீ ஆறுகிறது என்று ஜாடை காட்டுகிறார். போகப்போகிறவர்கள் டீயோடு என் பக்கத்தில் வந்து உட்காருங்கள், எவ்வளவு சின்னக் கேள்வியானாலும் கேளுங்கள்.